பயிர்நோயின் முதலும் வட்டியும்

நெற்கதிர்கள் வெளுத்துப் பதராய் நிமிர்ந்து நிற்கக் கண்ட பின்னரே கமக்காரர் பலர் தெளிகருவியைத் தோளில் ஏற்றுகின்றனர். எரிபந்த நோய் கதிரின் கழுத்தைப் பற்றியதால் நேர்ந்த வெளுப்பாயின், அவ்வேளையில் தெளிக்கப்படும் மருந்து அக்கதிர்களுள் ஒன்றையேனும் மீட்கமாட்டாது. மணிக்குச் செல்லவேண்டிய உணவைப் பங்கசு முன்னரே தடுத்துவிட்டது. பதரான மணி மீண்டும் பால் பிடிப்பதில்லை. மருந்தின் விலையும் தெளித்தவரின் கூலியும் விளைச்சல் நட்டத்தோடு கூட, ஒரு நட்டம் இரண்டாகின்றது.

அவ்வெளுப்பு தண்டு துளைப்பானின் வேலையாகவும் இருத்தல் கூடும். கதிரைப் பிடித்து மெல்ல இழுக்கும்போது அது எளிதிற் கழன்று வந்து, அடியிற் புழு கடித்த அடையாளம் தோன்றுமாயின் அது தண்டு துளைப்பான். கழலாது நின்று, கதிரின் கழுத்து கபில நிறமாகச் சுருங்கிக் காணப்படுமாயின் அது எரிபந்தம். இவ்வேறுபாட்டைப் பாராது, பூச்சிக்குரிய மருந்தைப் பங்கசுக்கும் பங்கசுக்குரிய மருந்தைப் பூச்சிக்கும் தெளிப்போர் இன்றும் உளர்.

மக்களுக்கு நோய் வந்தால் வைத்தியர் ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே பார்த்துப் பரிகாரம் செய்வார். வயலில் நிற்கும் பயிர்களோ எண்ணிலடங்காதவை. அவற்றுள் ஒன்றைத் தேடிக் குணப்படுத்துதல் இயலாது. கருகிய இலையை மீண்டும் பச்சையாக்க வல்ல மருந்தும் இல்லை. ஆதலால் கமக்காரர் தமது வயலை ஓர் ஊராகக் கருதி, ஊருக்குள் நோய் எங்கிருந்து வந்தது, எதன்மீது ஏறி வந்தது, ஒன்று இரண்டாவதற்கு எத்தனை நாள் எடுக்கின்றது என்னும் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். தடுப்பு முறைகள் யாவும் இவற்றின் விடைகளிலிருந்தே பிறக்கின்றன.

மூன்றும் கூடினாலே நோய்

நோயை ஏற்கும் பயிர், நோயை உண்டாக்கும் நோயாக்கி, அதற்கு இசைவான சூழல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே காலத்திற் கூடினாலன்றி நோய் உண்டாவதில்லை. பங்கசின் வித்திகள் காற்றில் மிதந்து வந்து இலையிற் படிந்தாலும், அவ்விலையில் ஈரம் இல்லையேல் அவை முளையாது மாண்டுபோகும். ஈரமும் வித்தியும் இருந்தும் பயிர் எதிர்ப்புச் சக்தி வாய்ந்த இனமாயின் நோய் காலூன்றாது.

இவ்வுண்மை இலங்கையிலே பெருவிலை கொடுத்துக் கற்கப்பட்டதாகும். 1869ஆம் ஆண்டில் இந்நாட்டுக் கோப்பிச் செடிகளின் இலைகளில், கீழ்ப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. தொடக்கத்தில் தோட்டத்துரைமார் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. மலைநாட்டுச் சரிவுகளோ அக்காலத்தில் மைல் கணக்காகக் கோப்பி ஒன்றினாலேயே மூடப்பட்டிருந்தன. இடையிலே காற்றை மறிக்க வேறு மரமோ வேறு பயிரோ பெரிதும் இல்லை. மழையும் மூடுபனியும் நிறைய இருந்தன. ஏற்கும் பயிர், நோயாக்கி, ஈரம் ஆகிய மூன்றும் இதனினும் நன்றாகப் பொருந்திய இடம் வேறு இருந்திருத்தல் அரிது.

1880 தொடக்கம் 1882 வரை மாஷல் வாட் என்னும் இளம் தாவரவியலாளர் இந்நாட்டிலிருந்து அந்நோயை ஆராய்ந்தார். கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்துக் காற்றிலே வரும் வித்திகளைப் பிடித்து, அவை எவ்வாறு பரவுகின்றன என்று காட்டினார். இலையில் நீர் நிற்கும்போதே வித்தி முளைக்கின்றது என்பதையும், முளைத்தது இலைவாயினூடாக உள்ளே புகுகின்றது என்பதையும் கண்டறிந்தார். உட்புகுந்த பங்கசை அக்காலத்தில் மேலே தெளித்த எதுவும் எட்டவில்லை. ஆகவே பாதுகாப்பு, வித்தி முளைக்கு முன்னரே இலையின்மேல் இருத்தல் வேண்டும் என்பது அவ்வாராய்ச்சியின் பயனாகத் தெளிவாயிற்று. எனினும் தோட்டங்களைக் காக்கக் காலம் கடந்துவிட்டது. கோப்பியை நம்பிக் கடன் கொடுத்திருந்த ஒரியன்ரல் வங்கி 1884ஆம் ஆண்டில் முறிந்தது. அந்நூற்றாண்டு முடியுமுன் கோப்பி நின்ற சரிவுகளைத் தேயிலை மூடியது. இன்று தேயிலையை இந்நாட்டின் பெருமையாகப் பேசுவோர், அது ஒரு பங்கசு ஒழித்துக் கொடுத்த இடத்தில் வளர்ந்த பெருமை என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

தனிவட்டி நோயும் கூட்டுவட்டி நோயும்

பயிர்நோய் பரவும் வேகத்தைக் கணக்கிட்டு விளக்கியவருள் முதன்மையானவர் தென்னாபிரிக்காவைச் சேர்ந்த வன்டர்பிளாங்க் என்பவர். 1963ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அவர் நோய்களைக் கடனுக்கு ஒப்பிட்டார். சில நோய்கள் தனிவட்டி போல வளர்வன. சில கூட்டுவட்டி போல வளர்வன. வட்டி குட்டி போடும் கணக்கை அடகு வைத்த கமக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆதலால் இவ்வுவமை பள்ளிக்கூடத்தைவிட வயல் வரம்பிலேயே எளிதில் விளங்கும்.

நெல்லின் எரிபந்தமும் உருளைக்கிழங்கின் பின்கூற்று வெளிறலும் கூட்டுவட்டி நோய்கள். ஒரு புள்ளி வித்திகளை ஈனும், அவ்வித்திகள் அதே போகத்திற் புதிய புள்ளிகளை உண்டாக்கும், புதியவையும் ஈனும். மூன்று நாளைக்கு ஒருமுறை நோய் இரட்டிக்கின்றது எனக் கொள்வோம். இன்று ஒரு புள்ளியாயிருப்பது முப்பதாம் நாளில் 1,024 ஆகும். ஆயிரம் இலைகளுள் ஒன்றில் நோயிருந்தால் எவர் கண்ணுக்கும் படாது. இருபத்தொரு நாள் கழிந்த பின்னும் ஆயிரத்தில் 128 இலைகளே நோயுற்றிருக்கும். அப்பொழுதுதான் வரம்பில் நிற்பவர் ஏதோ மாற்றத்தை உணர்வார். அதன்பின் ஆறே நாளில் அது 512 ஆகி, பாதி வயல் போய்விடும். நோயற்ற இலை குறையக் குறைய வேகம் சற்றுத் தளருமெனினும், 'ஒரே கிழமையில் வயல் எரிந்துவிட்டது' என்று கமக்காரர் கூறுவதன் காரணம் இதுவேயாகும். உண்மையில் அது ஒரு கிழமை வேலையன்று. முந்திய மூன்று கிழமையும் நோய் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்தது.

இந்நோய்க்கு இரு வகையிற் கடிவாளமிடலாம். தொடக்கத்தில் வயலுள் நுழையும் நோயைக் குறைப்பது முதலைக் குறைப்பதாகும். இரட்டிக்கும் வேகத்தைத் தளர்த்துவது வட்டியைக் குறைப்பதாகும். மேற்கூறிய கணக்கில் முதலைப் பத்தில் ஒன்றாக்கினால் முப்பதாம் நாளில் 1,024க்குப் பதில் ஏறத்தாழ 102 புள்ளிகள் இருக்கும். எனினும் இதனால் உண்மையிற் கிடைப்பது பத்து நாள் தவணை மட்டுமே. பத்து நாள் கழிந்தால் நோய் அதே இடத்துக்கு வந்துவிடும். முதலைத் தொடாது, மூன்று நாளில் இரட்டிப்பதை ஆறு நாளில் இரட்டிப்பதாக்கினால் முப்பதாம் நாளில் 32 புள்ளிகளே இருக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் மூன்று புள்ளிகளே மிஞ்சும். சுத்தமான விதையை மட்டும் நம்பியிருப்போரும் மருந்தை மட்டும் நம்பியிருப்போரும் இக்கணக்கை ஒருமுறை தாமே போட்டுப் பார்த்தல் நன்று.

எரிபந்தத்தின் வட்டியை உயர்த்துவன

எரிபந்தப் புள்ளி இரு நுனியும் கூராய், நடுவிற் சாம்பல் நிறமும் ஓரத்திற் கபில நிறமும் கொண்டு கண் வடிவாக இருக்கும். அதிலிருந்து வித்திகள் பெரும்பாலும் இரவிலே, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையிற் பறக்கின்றன. ஒரே புள்ளி ஓர் இரவில் ஆயிரக்கணக்கான வித்திகளை விடவல்லது. இவ்வாறு இரண்டு கிழமை வரை ஈன்றுகொண்டிருக்கும். வித்தி இலையுட் புகுவதற்குப் பல மணிநேர ஈரம் தேவை. பத்து மணிநேரம் இலை நனைந்திருந்து, வெப்பமும் 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருப்பின் அதற்கு வேறொன்றும் வேண்டியதில்லை. புகுந்தபின் நாலைந்து நாள் தொடக்கம் ஒரு கிழமைக்குள் புதிய புள்ளி தோன்றும். பெரும்போகத்தில் மார்கழி, தை மாதங்களில் வானம் மூடியும், தூறல் விட்டு விட்டும், இரவிற் பனி கனத்தும் இருக்கும் நாட்கள் இந்நோய்க்கு உகந்தவை.

வானத்தை மாற்ற எவராலும் இயலாது. ஆனால் வட்டியை உயர்த்தும் பிற காரணிகள் கமக்காரரின் கையிலேயே உள்ளன. அவற்றுள் முதலிடம் யூரியாவுக்கு உரியது. யூரியாவை மிகையாக இட்ட வயலில் இலைகள் கரும்பச்சையாகி, மென்மையாகி, ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். பங்கசு மெல்லிய இலையுள் எளிதிற் புகும். நெருங்கிய பயிருக்குள் காலை வெயில் புகாததால் பனியும் பிந்தியே காயும். அயல் வயலைவிடத் தமது வயல் கறுத்துச் செழித்திருத்தல் வேண்டும் என்னும் ஆசையால் மேற்கட்டுப் பசளையை அள்ளி வீசுவோர், உண்மையில் அயலவரைவிட உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்குகின்றனர். விதந்துரைக்கப்பட்ட அளவைப் பல தடவைகளாகப் பிரித்து இடுதலும், இலை வர்ண அட்டையைப் பயிரோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பயிர் கேட்கும்போது மட்டும் இடுதலும் வேண்டும். புள்ளிகள் பரவிக்கொண்டிருக்கும்போது யூரியா இடுதல் ஆகாது.

நாற்றுமேடையில் விதையை நெருக்கிப் போடுதலும் இத்தகையதே. நீர் வற்றி வாடிய பயிரும் எரிபந்தத்தை இலகுவாக ஏற்கும். இயன்றவரை வயலில் நீர் நிற்றல் வேண்டும். கரித்த உமியை நிலப் பண்படுத்தலின்போது மண்ணிற் கலத்தல் நன்று. அதிலுள்ள சிலிக்கா இலைத்தோலை உறுதியாக்குவதால் பங்கசு துளைத்துப் புகுதல் கடினமாகின்றது. நெல்லாலைகளின் பின்புறத்திற் குவிந்து கிடக்கும் இப்பொருள், பல இடங்களில் ஏற்றிச் செல்வோர் இன்றி வீணாகின்றது.

வட்டியைக் குறைப்பதில் இனத்தெரிவு மிகப் பெரியது. 1958ஆம் ஆண்டிற் பத்தலகொடையிலிருந்து வெளிவந்த எச்-4 இனம் நாடெங்கும் பரவியதற்கு, அதன் விளைச்சலோடு எரிபந்தத்தைத் தாங்கும் தன்மையும் ஒரு காரணமாயிருந்தது. எனினும் பங்கசு ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. ஒரே இனத்தைப் பரந்த நிலத்திற் போகத்துக்குப் போகம் விதைக்கும்போது, அதனைத் தாக்கவல்ல பங்கசு வகை தெரிந்தெடுக்கப்பட்டுப் பெருகும். கோப்பிச் சரிவுகளில் நடந்தது நெல்வயலிலும் நடக்கக்கூடும். ஆதலால் ஒரு கண்டத்தின் கமக்காரர் அனைவரும் ஒரே இனத்தையே விதைத்தல் நன்றன்று.

முதலைக் குறைத்தற்கு, நோயுற்ற வயலின் நெல்லை விதைக்கு எடுத்தலை அறவே தவிர்த்தல் வேண்டும். நோயுற்ற வைக்கோலை நாற்றுமேடைக்கு அருகிலோ வரம்பிலோ குவித்தல் ஆகாது. நன்கு மக்கச் செய்த பின்னரே வயலுக்குச் சேர்த்தல் வேண்டும். அறுவடையின் பின் தானாக முளைத்து நிற்கும் நெல், அடுத்த போகத்துக்கு நோயைக் காத்துவைக்கும் பாலமாகின்றது. அதனை உழுது அழித்தல் வேண்டும்.

மண்ணில் வாழும் நோய்

தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தாக்கும் பற்றீரிய வாடல் முற்றிலும் வேறு வகையினது. நண்பகலில் ஒரு செடி பச்சையாகவே வாடும்; மாலையில் தேறியது போலத் தோன்றும்; சில நாளில் மடியும். ஐயம் ஏற்படின் தண்டை அடியில் வெட்டி, தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் வெட்டு முனை நீருள் இருக்குமாறு தொங்கவிட்டால், சிறிது நேரத்திற் பால் போன்ற நூல் கீழ்நோக்கி இறங்கக் காணலாம். அது பற்றீரியாத் திரள்.

இந்நோய் காற்றிற் பறப்பதன்று. மண்ணிலே ஏற்கனவே உள்ள பற்றீரியா வேர்க்காயங்களினூடாக ஏறுகின்றது. ஒரு போகத்தில் எத்தனை செடி மடியும் என்பது, பெரும்பாலும் நடும் நாளில் மண்ணில் எவ்வளவு நோயாக்கி இருந்தது என்பதைப் பொறுத்தது. இது தனிவட்டிக் கணக்கை ஒத்தது. எனவே இங்கு முதலைக் குறைத்தல் வெறும் தவணை வாங்குவதன்று. முதல் பத்தில் ஒன்றானால் நட்டமும் ஏறத்தாழ அவ்வளவாகக் குறையும். மறுபுறம், இலைக்கு மருந்து தெளிப்பதால் யாதொரு பயனும் இல்லை. வாடல் கண்ட தக்காளிக்குப் பங்கசு நாசினி தெளிக்கும் வழக்கம் மரக்கறித் தோட்டங்களில் மிகுந்துள்ளது. அது கடையின் முதலை வளர்க்குமேயன்றி மண்ணின் முதலைக் குறைக்காது.

குறைக்கும் வழி பயிர்ச் சுழற்சியே. வாடல் கண்ட நிலத்திற் கத்தரிக் குடும்பப் பயிர்களை ஒன்றன்பின் ஒன்றாக நடுதல் ஆகாது. மிளகாய் போய்த் தக்காளி வருதல் சுழற்சியாகாது. பற்றீரியாவுக்கு இரண்டும் ஒரே வீட்டுப் பந்தியாகும். நீர் கட்டி நெல் விளைவிக்க இயலும் நிலமாயின், நெல்லை இடையில் விதைத்தல் மிகச் சிறந்தது. சோளம் முதலிய பிற குடும்பப் பயிர்களும் உதவும். சுண்டைக் கன்றிற் கத்தரியை ஒட்டி நடுதலும் பயன் தருவது. வாடிய செடியை வேரோடும் சுற்று மண்ணோடும் அகற்றி, நீர் ஓடும் வாய்க்காலுக்கு அப்பால் அழித்தல் வேண்டும். வாய்க்காலில் எறிந்த ஒரு செடி கீழ்ப்பாத்திகள் அனைத்துக்கும் நோயைப் பங்கிடும். வாடல் கண்ட பாத்தியில் வேலை செய்தலை அன்றைய நாளின் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளல் நலம். மண்வெட்டியையும் காலையும் உழவு இயந்திரத்தின் சில்லையும் மண் போகக் கழுவியே அடுத்த தோட்டத்துக்குச் செல்லுதல் வேண்டும். விதைக்கிழங்கு வாங்கும்போது விலையை மட்டும் பாராது, அது விளைந்த நிலத்தின் வரலாற்றையும் வினவுதல் வேண்டும்.

வெண்டியின் மஞ்சள் நரம்பு நோய் போன்ற வைரசு நோய்களை வெண் ஈ சுமந்து செல்கின்றது. வைரசு புகுந்த செடியைக் குணமாக்க மருந்தில்லை. நோய்ச்செடியை இளமையிலேயே பிடுங்கி அழித்தலும், காய்த்து ஓய்ந்த பழைய வெண்டிப் பாத்தியை அகற்றிய பின்னரே புதியதை அருகிற் போடுதலும் போதிய பயன் தரும்.

அயலவரின் வயல்

வரம்பு நீரை மறிக்கும்; வித்தியை மறிக்காது. ஒரு கண்டத்திற் சிலர் முந்தியும் சிலர் ஒரு மாதம் பிந்தியும் விதைப்பாராயின், முந்திய வயல்களில் வளர்ந்த நோய் பிந்திய வயல்களின் இளம்பயிரின் மேல் இறங்கும். பிந்தி விதைத்தவர் பெருமுதலோடு தொடங்குகின்றார். போகத் தொடக்கத்தில் நடைபெறும் கன்னாக் கூட்டத்தில் நீர் விடும் நாளைத் தீர்மானிக்கும்போது, விதைப்பு நாளையும் நெருக்கமாக வைத்துக்கொள்ளுதல் இக்காரணத்தால் மிகவும் முக்கியமானது. நீருக்காகக் கூட்டத்தில் வாதிடுவோர் நோய்க்காகவும் ஒரு வார்த்தை பேசலாம்.

நாட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. கோப்பியைக் கொன்ற பங்கசு போன்றவை செடியோடும் விதையோடும் மண்ணோடும் கடல் கடப்பவை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதன்பொருட்டே உள்ளது. அயல்நாடு சென்று திரும்புவோர் அங்கு கண்ட நல்லினக் கன்றையோ கிழங்கையோ பயணப் பையில் மறைத்துக் கொண்டுவருதல், ஊர் முழுவதன் பயிரையும் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும்.

வயலைப் பார்க்கும் முறை

கூட்டுவட்டி நோயை அதன் முதற் கிழமையிற் காண்பவரே மருந்தைப் பயனுறச் செலவிடுவார். வரம்பில் நின்று பார்த்தல் போதாது. கிழமைக்கு இருமுறையேனும், பனி காயுமுன் வயலுள் இறங்கி வளைந்து வளைந்து நடந்து, கீழ் இலைகளை விலக்கிப் பார்த்தல் வேண்டும். மர நிழல் விழும் மூலை, பசளை மூடை இறக்கி வைத்த இடம், நாற்றுமேடை இருந்த இடம், மேட்டிலே நீர் வற்றும் பகுதி ஆகியவற்றிலே நோய் முதலில் தலைகாட்டும். கண்ட புள்ளிகளின் அளவை நாளோடு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், மூன்று நாளில் அது இரட்டித்ததா, நின்றதா என்பது தெரியும். நின்றுவிட்ட நோய்க்கு மருந்து வேண்டியதில்லை.

மட்டம் வெடிக்கும் பருவத்திற் சில இலைகள் புள்ளியானாலும், வானம் தெளிந்து வெயில் எறித்தால் பயிர் புதிய இலைகளை விட்டுத் தேறிவிடும். குடலைப் பருவத்தில் நிலை வேறு. அப்பொழுது மேல் இலைகளிற் புள்ளிகள் காணப்பட்டு, வானமும் மூடியிருப்பின், கழுத்தைக் காக்கும் மருந்தைக் கதிர் வெளிவரும் தறுவாயிலேயே தெளித்தல் வேண்டும். கதிர் வெளுக்கும்வரை காத்திருத்தல் ஆகாது. மருந்தின் பெயரையும் அளவையும் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் நன்று. ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளித்தலும் ஆகாது.

நோய் இன்னதென்று தெளிவாகாவிடின், நோயுற்ற பகுதியும் நல்ல பகுதியும் சேர்ந்த இலைகள் சிலவற்றைப் பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றி அன்றே போதனாசிரியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். பொலித்தீன் உறையில் இட்டால் இலை வியர்த்து அழுகி, எந்நோயென்று அறிய இயலாது போய்விடும். இனத்தின் பெயர், விதைத்த நாள், கடைசியாக யூரியா இட்ட நாள், நோய் முதலிற் காணப்பட்ட மூலை ஆகியவற்றை அத்தாளின் மேலேயே எழுதிக்கொள்ளலாம்.